மருந்து வாசனை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமான மறு வாரமே என் மாமியார் கண்டுபிடித்துச் சொன்ன விஷயம் இது. ஆபீஸில் அதையே திறமை என்று எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் பாட்டிலும் குடுவையுமாக உட்கார்ந்திருந்தவளை, "பரிமளா மேடம் பேசுனா ஆளுங்க தூங்க மாட்டாங்க" என்று சொல்லி, டேங்க் ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க அனுப்ப ஆரம்பித்தார்கள். பதினோரு வருஷமாகப் பெரம்பலூர் பக்கம் யூனியன் யூனியனாகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். என் பேச்சில் யாரும் தூங்கியதில்லை, அது உண்மைதான்.

டேங்க் ஆபரேட்டர் என்றால் ஊர்க்காரர்களுக்கு 'தண்ணி வுடுற ஆளு'. விடியற்காலையில் மோட்டாரைப் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்ப வேண்டும். தெருத் தெருவாக வால்வைத் திறந்து மூட வேண்டும். ஐந்தாம் தேதியும் இருபதாம் தேதியும் தொட்டிக்குள் இறங்கிக் கழுவி, கழுவிய தேதியைச் சுவரில் பெயின்டால் எழுத வேண்டும். இதெல்லாவற்றுக்கும் மேலே தினமும் பிளீச்சிங் பவுடர் கலக்க வேண்டும். அள்ளி அப்படியே கொட்டக் கூடாது. வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கின பிறகு தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அப்புறம் ஊரின் கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து, விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் விட்டு, நாங்கள் கொடுத்த சொட்டு மருந்தைக் கலக்கினால் மஞ்சள் நிறம் வர வேண்டும். வந்தால், போட்ட மருந்து ஊர்க்கோடி வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. நிறமே வராவிட்டால் அந்தத் தண்ணீரை நம்பக் கூடாது. என் பயிற்சி முழுக்க இவ்வளவுதான். மற்றதெல்லாம் டீயும் போண்டாவும்.

சின்னதுரையை நான் முதலில் பார்த்தது போன ஆடி மாதப் பயிற்சியில். நாற்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். வழக்கம்போல முன்வரிசை காலி, பின்வரிசையில் நெருக்கியடித்துக் கூட்டம். முன்வரிசையில் தனியாக உட்கார்ந்து நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. கை மட்டும், தொட்டி கழுவுகிற எல்லார் கையையும் போல, விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடந்தது. அரும்பாவூரிலிருந்து உள்ளே போக வேண்டிய வேலங்குடிக்காடு அவர் ஊர்.

மத்தியானம் ஒன்றரை மணி. தக்காளி சாதப் பொட்டலம் வந்து இறங்கிவிட்டது. வாசனை ஹால் முழுக்க அடிக்கிறது. நான் அவசர அவசரமாக முடித்துக்கொண்டிருந்தேன். அப்போது எழுந்து நின்றார்.

"மேடம், ஒரு சந்தேகங்க."

"சீக்கிரம் கேளுங்க. சோறு ஆறுது."

"இந்த மருந்து வாசன மாசமா இருக்குற பொம்பளைங்களுக்கு ஒத்துக்க மாட்டேங்குதுங்க. ஒரு மொடக்கு குடிச்சாலும் கொடலப் பொரட்டிக்கிட்டு வாந்தி வருது. அவங்களுக்கு என்னங்க பண்றது?"

என் நாக்கில் அன்றைக்குச் சனி உட்கார்ந்திருந்தான். "மாசமா இருந்தா மல்லிகப்பூ வாசனைக்குக்கூடத்தான் வாந்தி வரும். அதுக்காக ஊர்ல பூவே பூக்கக் கூடாதுன்னு சொல்லிடலாமா?" என்றேன்.

ஹாலே சிரித்தது. பின்வரிசையில் ஒருவர் விசில் அடித்தார். சின்னதுரையும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதற்கப்புறம் மூன்று யூனியன்களில், யாரும் கேட்காமலேயே, அதை நானாக எடுத்துச் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

கார்த்திகை மாதம் ஒரு திங்கட்கிழமை. ஆபீஸுக்குப் போன் வந்தது. வேலங்குடிக்காட்டில் பதினான்கு பேருக்கு மஞ்சள் காமாலை. உடனே போய்த் தண்ணீர் எடுத்து வரச் சொன்னார்கள். ஜீப் டிரைவர் முருகையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். நாலு நாளாக விட்டு விட்டு மழை. அறுத்த மக்காச்சோளத்தை ரோட்டிலேயே கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, கல் வைத்திருந்தார்கள். ஒரு பக்கமாகத்தான் வண்டி போக முடிந்தது. வயலில் சின்ன வெங்காயம் தண்ணீரில் நின்றது. "இந்த வருசம் வெங்காயம் அழுவிப்போச்சு மேடம், வெவசாயி தலையில துண்டுதான்" என்று முருகையன் புலம்பிக்கொண்டே வந்தார்.

ஊர் முகப்பில் டீக்கடை. ஒரு வாய் குடித்துவிட்டுப் போகலாமென்று இறங்கினோம். டீயை ஆற்றிக்கொண்டே கடைக்காரர் கேட்டார்.

"தண்ணி ஆபீஸுங்களா? எங்க ஊர்த் தண்ணிக்கு ஒரு கொறையும் இல்லைங்க. ரெண்டு மூணு மாசமா தேனாட்டம் இருக்கு. முன்னெல்லாம் டீ போட்டா ஒரே மருந்து நாத்தம் அடிக்கும். இப்ப பாருங்க, வாசனையே கெடையாது. சின்னதுரை கை வச்சாத் தனிங்க."

டம்ளரை வைத்துவிட்டு நேராகக் கடைசித் தெருவுக்குப் போனேன். கோடியில் இருந்த குழாயைத் திறந்து, கண்ணாடிக் குழாயில் பிடித்து, சொட்டு மருந்தை விட்டு ஆட்டினேன். நிறமே ஏறாமல் வெறும் தண்ணீராகவே இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு மறுபடியும் செய்து பார்த்தேன். அடுத்த தெருவிலும் பார்த்தேன். எங்கேயும் மஞ்சள் இல்லை.

பக்கத்திலேயே புதிதாகப் போட்ட சிமென்ட் ரோடு. ரோடு போடும்போது ஜேசிபி பல் பட்டுக் குழாய் உடைந்திருக்கிறது. உடைசலில் சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதன் மேலேயே சாக்கடைத் தண்ணீர் தேங்கி நின்றது. மோட்டார் ஓடும்போது குழாய்த் தண்ணீர் வெளியே கசியும். நின்றுவிட்டால் வெளியே இருக்கிற அழுக்கை உள்ளே இழுக்கும். மருந்து போட்டிருந்தால் ஓரளவுக்காவது தாங்கியிருக்கும்.

மோட்டார் ரூமில் சின்னதுரை நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஆடி மாதம் பார்த்த ஆளே இல்லை. கன்னம் ஒட்டி, நாலு நாள் தாடியோடு இருந்தார். மூலையில் பிரிக்காத பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்துப் புரட்டினேன். தினமும் தவறாமல், கையெழுத்துக் கோணாமல், 'கடைசிக் குழாய் 0.5' என்று எழுதியிருந்தது. நான் சொல்லிக் கொடுத்த அதே அளவு.

"சின்னதுரை, தண்ணியில மருந்தே இல்ல."

"ஆமாங்க."

"நோட்டுல தெனமும் பாயின்ட் அஞ்சுன்னு எழுதியிருக்கீங்க?"

"எழுதிட்டேங்க."

"எவ்ளோ நாளா போடல?"

"ஆவணியில பாதியாக் கொறச்சேங்க. அப்புறம் காவாசி. பொரட்டாசிலேருந்து சுத்தமா நிறுத்திட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "உங்களுக்கெல்லாம் படிச்சுப் படிச்சுச் சொல்லி என்னய்யா பிரயோஜனம்? பதினாலு பேரு படுத்துக் கெடக்காங்க. ஊரே உங்கள நம்பித்தானே வாய வைக்குது? முன்னாடி உக்காந்து எழுதுனீங்களே, எதுக்கு எழுதுனீங்க?" என்று கத்தினேன். வெளியே நின்ற முருகையன் எட்டிப் பார்த்தார்.

சின்னதுரை நான் கத்தி முடிக்கிற வரைக்கும் நின்றார். அப்புறம், "மேடம், நீங்க நல்லா வையுங்க. ஆனா அதுக்கு முன்னால ஒரு எட்டு வூட்டுக்கு வந்து எம்பொண்ணப் பாத்துடுங்க. மூணு நாளா படுத்த படுக்கையாக் கெடக்கு. நீங்க படிச்சவங்க, பாத்தாத் தெரியும்" என்றார்.

"பொண்ணுக்கும் காமாலையா?"

"ஆமாங்க. ஏழு மாசங்க அதுக்கு."

அதற்கு மேல் நான் அவரைத் திட்டவில்லை. மற்றவர்களுக்கு மூன்று வாரத்தில் இறங்கிவிடுகிற காமாலைதான். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்கு வந்தால் அது எமன். எங்கள் பரிசோதனைக் கூடத்துச் சுவரிலேயே எழுதி மாட்டியிருக்கிறோம்.

வீடு தொட்டிக்கு எதிர்ச் சந்தில் இருந்தது. ஓட்டு வீடு. வாசல் படலில் வளைகாப்புக்குக் கட்டின வாழைமட்டை காய்ந்துபோய்த் தொங்கியது. உள்ளே சின்னதுரையின் மனைவி செல்வம்மாள் அம்மியில் கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணம் மோர். கயிற்றுக்கட்டிலில் அந்தப் பெண், வினோதினி, ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். குழாய்த் தண்ணீரில் வராத மஞ்சள் முழுக்க அவள் கண்ணில் இருந்தது.

"தண்ணி ஆபீஸ் மேடம் வந்துருக்காங்க, பாப்பா" என்றார் சின்னதுரை.

"வாங்க" என்றாள். அப்புறம் அம்மாவைப் பார்த்து, "அத்த, பஸ் போயிடுச்சா?" என்று கேட்டாள்.

"நேத்து சாயங்காலத்துலேருந்து இப்படித்தாம்மா என்னைய அத்தைங்குது" என்றார் செல்வம்மாள். "தூக்கக் கலக்கம்னு நெனச்சேன். கீழாநெல்லி மூணு வேள குடுக்குறேன். உப்பு சேக்காம பத்தியச் சோறு. பக்கத்து வூட்டுக்காரருக்கு இதுலயேதான் எறங்குச்சு. எம்புள்ளைக்கு எறங்க மாட்டேங்குது."

ஆளை அடையாளம் மாற்றிப் பேசுகிறாள் என்றால் காமாலை மூளைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். "அம்மா, அரைச்சது போதும். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பணும்" என்று சொல்லிவிட்டு 108க்குப் போன் போட்டேன். வேறு ஊருக்குப் போயிருக்கிறது, வர முக்கால் மணியாகும் என்றார்கள். ஜீப்பிலேயே போய்விடலாம் என்றால், ஏழு மாதக்காரியை இந்தக் குழி ரோட்டில் ஜீப்பில் உட்கார வைக்க முடியாது. காத்திருந்தோம்.

அந்த முக்கால் மணி நேரத்தில்தான் சின்னதுரை சொன்னார். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தியிருந்தார். மகள் பக்கம் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், சொன்னார்.

"மூணாம் மாசம் மருமவன் கொண்டாந்து வுட்டாருங்க. அவரு ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுறாரு. ராவும் பகலும் டூட்டி. தனியா வச்சிக்க முடியல, மசக்க ஓயட்டும், அம்மா வூட்ல இருக்கட்டும்னாரு. வந்த நாள்லேருந்து பச்சத் தண்ணி பல்லுல படலைங்க. சோறு வேண்டாங்கும். சரி, மாங்கா திங்குறியாம்பேன், திங்கும். ஆனா தண்ணியக் குடிச்சாக்கா அடுத்த நிமிசம் வாந்தி. 'தண்ணி பிளீச்சிங் நாத்தம் அடிக்குதுப்பா'ங்கும். சோத்துலயும் அதே நாத்தம், கொழம்புலயும் அதே நாத்தம். எலும்பும் தோலுமா ஆயிடுச்சுங்க. நாக்கு வறண்டு வெடிச்சிருச்சு. ஊருக்கே தண்ணி வுடுறேன், எம்புள்ள தாகத்துல கெடக்குது."

செல்வம்மாள் அம்மியிலிருந்து கையை எடுத்தார்.

"ஆவணியில ஒரு நாளு பாதி மருந்து போட்டுப் பாத்தேங்க. அன்னிக்கு ஒரு டம்ளரு குடிச்சுச்சு. தங்குச்சு. மறுவாரம் இன்னும் கொறச்சேன். பொரட்டாசி மொத சனிக்கெழம சுத்தமாப் போடல. அன்னிக்கு ஒரு செம்புத் தண்ணியக் கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சிட்டு, 'அப்பா, இன்னிக்கித் தண்ணி நல்லாருக்குப்பா'ன்னுச்சு. ரெண்டு கரண்டி ரசஞ்சோறு தின்னுச்சு. ஊர்லயும் ஆளாளுக்கு, சின்னதுரை, தண்ணி சூப்பருப்பான்னாங்க. நமக்குத்தான் என்ன கெட்டுப்போச்சு, அந்தக் காலத்துல கெணத்துத் தண்ணியக் குடிக்கலியான்னு தோணிருச்சுங்க. அப்படியே வுட்டுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீங்க" என்றார் செல்வம்மாள். குரல் ரொம்பத் தாழ்ந்து வந்தது. "எனக்காவது தெரிஞ்சிருந்தா மழ வந்ததும் காய்ச்சிக் குடுத்துருப்பேனே. மருந்து போட்ட தண்ணிதானேன்னு தைரியமா மொண்டு மொண்டு குடுத்தேனே. இந்தக் கையாலதானே குடுத்தேன்."

"அம்மா எதுக்கு அழுவுது?" என்று வினோதினி கேட்டாள். இந்தத் தடவை சரியாகத்தான் கேட்டாள்.

வண்டி வந்தது. பெரம்பலூரில் பார்த்துவிட்டு, நிற்காமல் திருச்சிக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் கூடவே போனேன். ஏன் போனேன் என்று முருகையன் கேட்டதற்கு, சாம்பிள் எடுக்க வேண்டியிருக்கிறது என்று ஏதோ உளறினேன். வழியெல்லாம் சின்னதுரை மகளின் காலை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் ஊசி போட இடமில்லை என்று வளையலைக் கழற்றச் சொன்னார்கள். கை வீங்கியிருந்ததால் கழலவில்லை. நர்ஸ் ஒவ்வொன்றாக உடைத்து எடுத்தார். செல்வம்மாள் கண்ணாடித் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

மருமகன் செந்தில்குமார் லாரி டூட்டி உடுப்போடு, தலையெல்லாம் கல்தூசியோடு வந்து சேர்ந்தான். என்ன ஏது என்று அவன் கேட்பதற்கு முன்னாலேயே சின்னதுரை எழுந்து போய், எல்லாவற்றையும் அவனிடம் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் அடிப்பான் என்று நான் பயந்தேன். அடித்திருந்தால்கூடத் தேவலை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "மாமா, உங்க வூட்ல இருந்தாத்தானே நல்லாருப்பான்னு கொண்டாந்து வுட்டேன்" என்று மட்டும் சொன்னான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஐந்து நாள் இருந்தாள். நாலாம் நாள் வயிற்றிலேயே பிள்ளை போய்விட்டது. ஐந்தாம் நாள் காலையில் அவளும் போய்விட்டாள். ஊரில் காமாலை வந்த மற்றவர்கள் எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். வினோதினியோடு சேர்த்துப் பதினைந்து பேர்; அதில் அவள் ஒருத்திதான் போனாள்.

குழாயை மாற்றினோம். மேலே அறிக்கை கொடுத்தேன். உடைசலையும் எழுதினேன், மருந்து போடாததையும் எழுதினேன், பொய்க் கணக்கையும் எழுதினேன். சின்னதுரையிடம் விளக்கம் கேட்டுத் தாள் வந்தது. அவர் 'எழுதியிருப்பது உண்மை' என்று ஒரே வரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று பேச்சு. ஆனால் அதுவரைக்கும் தொட்டி ஏற ஆள் வேண்டுமே? ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்த கையோடு அவரே ஏறிவிட்டாராம். ஊர்க்காரர்களும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெற்றவனே பறிகொடுத்துவிட்டு நிற்கும்போது யார் என்ன கேட்பது?

நான் அறிக்கையில் எழுதாத விஷயம் ஒன்று இருந்தது. அது எனக்கும் அவருக்கும்தான் தெரியும். அன்றைக்கு ஹாலில் சிரித்த நாற்பத்தொரு பேருக்கும் தெரியும், ஆனால் அவர்கள் மறந்திருப்பார்கள்.

பதினாறாம் நாள் காரியத்தைச் சின்னதுரை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்றுதான் இருந்தது. முருகையன்தான், "சாவுக்குக் கூட இருந்துட்டுக் காரியத்துக்குப் போகலன்னா நல்லாருக்காது மேடம்" என்றார். மார்கழிப் பனி விலகி வெயில் ஏறியிருந்தது. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சொந்தபந்தமெல்லாம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. செந்தில்குமார் அப்போதுதான் ஆலத்தியூர் பஸ்ஸுக்குப் போயிருந்தான்.

செல்வம்மாள் உள்ளே பாய் போட்டார். சின்னதுரை கதவு ஓரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வாழையிலையைச் சுற்றி நாய்கள் சண்டை போடுகிற சத்தம் கேட்டது.

"மேடம்" என்றார் செல்வம்மாள். "உங்களத்தான் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்."

"கேளுங்கம்மா."

"ஊருக்கு மருந்து போட்டுத்தான் ஆவணும். அது எனக்குப் புரியுது. எம்புள்ளைக்கு அந்த வாசன ஆவல. அது ஒருத்திக்கு மட்டும் என்ன பண்ணியிருக்கணும்? படிச்சவங்க, சொல்லுங்க. ராத்திரியெல்லாம் இதே நெனப்பா இருக்கு. வழியே இல்லாமத்தான் போச்சுன்னா மனசு ஆறிடும்."

பொய் சொல்லியிருக்கலாம். வழியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அம்மா தூங்கியிருப்பார். ஆனால் பதினோரு வருஷமாக ஊருக்கு உபதேசம் பண்ணின வாய் அந்த இடத்தில் பொய் சொல்ல மறுத்தது.

"தண்ணியக் காய்ச்சிட்டு, வாயகன்ற பாத்தரத்துல ஊத்தி, மேல ஒரு துணியக் கட்டி ஆற வச்சிருந்தாப் போதும்மா. வாசன தானாப் போயிடும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

"மருந்து மாத்திர? கடைத் தண்ணி? ஒண்ணும் வேண்டாமா?"

"ஒண்ணும் வேண்டாம்."

செல்வம்மாள் தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தார். "ஏங்க, இந்த ஒரு வார்த்தைய யார்கிட்டயாச்சும் கேட்டுருக்கக் கூடாதா? ட்ரெயினிங்குன்னு போனீங்களே. அங்க இந்த மேடத்தையே கேட்டுருக்கலாமே?"

சின்னதுரை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "தோணல செல்வம். நான் யாரையும் கேக்கல" என்றார்.

அவ்வளவு பேர் முன்னால் எழுந்து நின்று கேட்ட மனுஷன். என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக, மகளைக் கொன்ற பழியில் என் பங்கையும் சேர்த்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார்.

"கேட்டாரும்மா" என்றேன். "இதே கேள்வியத்தான் கேட்டாரு. ஆடி மாசம், எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு, மாசமா இருக்குற பொம்பளைங்களுக்கு வாசன ஒத்துக்கலையே, என்ன பண்றதுன்னு என்னையத்தான் கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொல்லல. சாப்பாட்டு நேரம். வேடிக்கையா ஏதோ ஒண்ணப் பேசிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். தன் பொண்ணுக்காகத்தான் கேக்குறாருன்னு எனக்குத் தெரியாதும்மா. தெரியாதுன்னு சொல்றதும் தப்புதான். கேட்டா நின்னு சொல்லத்தானே எனக்கு வேல. நானும் ரெண்டு பெத்தவதான்."

செல்வம்மாள் மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன், தூற்றியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் சின்னதுரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் சிரிச்சாங்களாமே. நீங்களும் சிரிச்சீங்களா?"

"ம்" என்றார் சின்னதுரை. "எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டு உக்காந்துட்டேன்." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்த ஐந்து நாளும் ஆஸ்பத்திரியில் அழாத மனுஷன், தோள் குலுங்கக் குலுங்க அழுதார். செல்வம்மாள் அவரைத் தேற்றப் போகவில்லை. நானும் போகவில்லை. போக எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ரொம்ப நேரம் கழித்துச் செல்வம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போனார். குடத்தில் செம்பு மோதுகிற சத்தம் கேட்டது. செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"தூரத்துலேருந்து வந்துருக்கீங்க. தண்ணி குடிங்க."

எடுத்தேன். வாய்க்குக் கிட்டே கொண்டு போவதற்கு முன்பே வாசனை மூக்கில் ஏறியது. பிளீச்சிங் வாசனை. பதினோரு வருஷமாகப் பழகின வாசனைதான், அன்றைக்குக் குடலைப் புரட்டியது. கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தாமல், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

சின்னதுரை துண்டை எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அளவு சரியா இருக்குங்களா மேடம்?"

"சரியா இருக்கு" என்றேன்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. செம்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.